ஒரே வீடு, மூன்று கணக்கு

சென்ற மாதம் ஒரு மாலையில் டில்லியில் எங்கள் பகுதித் தோழர் ஒருவர் மூன்று கடிதங்களை என் மேசைமீது வைத்து, "படித்துப் பொருள் சொல்லுங்கள் தோழர்" என்றார். இரண்டு கடிதங்கள் ஆங்கிலத்தில், ஒன்று இந்தியில் இருந்தன. இந்தியைச் சரளமாகப் பேசும் அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த மொழி தமிழ் ஒன்றே. கட்சி ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் பணி என்பதால் இத்தகைய கடிதங்களும் அவ்வப்போது என்னிடம் வந்து சேரும்.

அவர் ஒரு தனியார் நிறுவனத்தில் பேருந்து ஓட்டுநர். வயது 45. கைக்கு வரும் சம்பளம் மாதம் 24,000 ரூபாய். அவருடைய துணைவியார் மெட்ரோ நிலைய வாசலில் இட்லிக்கடை நடத்துகிறார். செலவுபோக மாதம் ஏறத்தாழ 20,000 ரூபாய் நிற்கிறது. இருபது ஆண்டுகளாக வாடகை வீடுகளில் அலைந்தவர்கள், காசியாபாத் பக்கம் இரண்டறை அடுக்ககக் குடியிருப்பு ஒன்றை 20 லட்சம் ரூபாய்க்குப் பேசி முடித்திருக்கிறார்கள். நகையும் சேமிப்பும் சேர்த்து ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல் கையில் உள்ளது. மீதிக்குக் கடன் வேண்டும். மூன்று இடங்களில் விண்ணப்பித்தார்கள்.

பொதுத்துறை வங்கி 9 லட்சம் ரூபாய் தர இசைந்தது. வட்டி 8.5 விழுக்காடு. தனியார் வங்கி ஒன்று, தன் கொள்கை அளவுகோல்களுக்குள் விண்ணப்பம் வரவில்லை என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. ஒரு வீட்டுவசதி நிதி நிறுவனம் 15 லட்சம் தருவதாக எழுதியிருந்தது. வட்டி 14 விழுக்காடு.

"ஆள் ஒருவர்தான், வீடும் ஒன்றுதான். கணக்கு மட்டும் எப்படி மூன்றாகிறது?" என்று தோழர் கேட்டார். பதினைந்து லட்சம் தருபவர் நம்மை அதிகம் நம்புகிறார் என்று கொள்ளலாமா என்பது அவருடைய அடுத்த கேள்வி. அவ்வாறு கொள்ள முடியாது. ஏன் என்பதைக் கட்சி உறுப்பினர்களும் தொழிற்சங்கத் தோழர்களும் அறிந்திருப்பது நல்லது. இன்று நகர்ப்புறத்து உழைக்கும் குடும்பங்கள் தம் வாழ்நாளில் போடும் மிகப் பெரிய கையெழுத்து, பெரும்பாலும் வீட்டுக்கடன் ஒப்பந்தத்தில் போடும் கையெழுத்தே.

எது வருமானம்?

கடன் தருபவர் முதலில் பார்ப்பது வருமானத்தில் எத்தனை பங்கைத் தவணையாக எடுக்கலாம் என்பதை. பொதுவாக இது 40 முதல் 60 விழுக்காடு வரை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. ஏற்கெனவே உள்ள தவணைகளை அதிலிருந்து கழிப்பார்கள். எஞ்சிய தொகையை எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த வட்டியில் கட்ட முடியும் என்று கணக்கிட்டால் கடன்தொகை கிடைத்துவிடும்.

இந்த மூன்று எண்களில் சிறு மாற்றம் செய்தாலே விடை எவ்வளவு மாறும் என்று பாருங்கள். மாதம் 40,000 ரூபாய் சம்பளக்காரர் ஒருவர் இருக்கிறார். சம்பளத்தில் 40 விழுக்காடு, 20 ஆண்டு, 8.5 விழுக்காடு வட்டி என்று கணக்கிடும் வங்கி அவருக்கு ஏறத்தாழ 18.4 லட்சம் தரும். 60 விழுக்காடு, 30 ஆண்டு, 9 விழுக்காடு வட்டி என்று கணக்கிடும் நிறுவனம் ஏறத்தாழ 29.8 லட்சம் தரும். முதல் கடனில் அவர் மொத்தம் திருப்பிச் செலுத்துவது 38.4 லட்சம். இரண்டாவதில் 86.4 லட்சம். இரண்டாமவர் பதினோரு லட்சம் கூடுதலாகத் தந்து 48 லட்சம் கூடுதலாக வாங்கிக்கொள்கிறார். அதுமட்டுமன்று, முப்பது ஆண்டுக் காலம் அந்தக் குடும்பம் சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கைக் கொண்டே உண்டு, உடுத்து, பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டும்.

நம் தோழரின் கணக்குக்கு வருவோம். பொதுத்துறை வங்கி, சம்பளச் சீட்டில் உள்ள 24,000 ரூபாயை மட்டுமே வருமானமாக ஏற்றது. அதில் பாதி 12,000. இருசக்கர வண்டிக் கடனின் தவணை 3,000 போக மீதி 9,000. அவர் அறுபது வயதில் ஓய்வுபெறுவார் என்பதால் 15 ஆண்டு. ஆகவே 9 லட்சம். துணைவியாரின் இட்லிக்கடை அந்தக் கணக்கில் இடம்பெறவே இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மாவு அள்ளும் ஒரு பெண்ணின் உழைப்பு, சம்பளச் சீட்டும் வருமான வரிக் கணக்கும் இல்லாத காரணத்தால், வங்கியின் பார்வையில் சுழியம்.

நிதி நிறுவனமோ ஆள் அனுப்பியது. அவர் இரண்டு நாள் கடையருகே நின்று எத்தனை தட்டு போகிறது என்று எண்ணினார். அரிசி, உளுந்து வாங்கும் கடையில் விசாரித்தார். குடும்ப வருமானம் 44,000 என்று எழுதிக்கொண்டார். பாதி 22,000, பழைய தவணை போக 19,000. சுயதொழில் வருமானமும் இருப்பதால் தோழரின் 65 வயது வரை, அதாவது 20 ஆண்டு. ஆகவே 14 விழுக்காடு வட்டியிலும் 15 லட்சம். மாதத் தவணை 18,653 ரூபாய். இருபது ஆண்டில் மொத்தம் 44.77 லட்சம்.

இதே 15 லட்சத்தை, இதே இருபது ஆண்டுக்கு, வங்கி தன் 8.5 விழுக்காட்டு வட்டியில் தந்திருந்தால் மொத்தம் 31.24 லட்சம் கட்டினால் போதும். இடைவெளி 13.5 லட்சம் ரூபாய். இட்லிக்கடையின் வருமானத்துக்குத் தாளில் சான்று இல்லாததற்கு அந்தக் குடும்பம் செலுத்தும் விலை இதுதான். இந்திய உழைப்பாளரில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் அமைப்புசாரா வேலைகளில் இருப்பவர்கள். ஆகவே இது ஓர் ஓட்டுநர் குடும்பத்தோடு நின்றுவிடும் கணக்கன்று.

யாருடைய பணம்?

தாள் இல்லாதவரிடம் அபாயம் அதிகம், அதனால் வட்டி அதிகம் என்று நிதி நிறுவனங்கள் சொல்கின்றன. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆள் அனுப்பி விசாரிப்பதற்கும், சிறு கடன்களை வீடுதேடிச் சென்று வசூலிப்பதற்கும் செலவு பிடிக்கும். ஆனால் வட்டி வேறுபாட்டின் பெரும்பகுதி தொடங்குவது வேறோர் இடத்தில். கடன் தருபவர் தம் பணத்தை எங்கிருந்து பெறுகிறார் என்ற கேள்வியை நாம் எழுப்ப வேண்டும்.

வங்கியின் பணம் மக்களின் வைப்பு. சேமிப்புக் கணக்கில் கிடக்கும் பணத்துக்கு இன்று பெரிய வங்கிகள் தரும் வட்டி 3 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோ இருக்கிறது. நடப்புக் கணக்குக்கு வட்டியே இல்லை. வீட்டுவசதி நிதி நிறுவனத்துக்கு இத்தகைய கணக்குகளைத் தொடங்கும் உரிமை கிடையாது. அது வங்கிகளிடம் கடன் வாங்குகிறது, கடன்பத்திரம் விற்கிறது, தேசிய வீட்டுவசதி வங்கியிடம் மறுநிதி பெறுகிறது. வாங்கிய விலைக்கு மேல் தன் செலவையும், தன் பங்குதாரர் எதிர்பார்க்கும் இலாபத்தையும் ஏற்றி விற்கிறது. இத்துறையில் பன்னாட்டுத் தனியார் மூலதன நிதியங்கள் நுழைந்துள்ளன. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கடன் தரும் ஆதார் ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனத்தை 2019ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்டோன் வாங்கியது. ஏழைகள்மீது கொண்ட பரிவால் அப்பணம் கடல்கடந்து வந்ததென்று நாம் நம்ப வேண்டியதில்லை.

இங்கே கவனிக்கவேண்டிய ஒரு சுற்று இருக்கிறது. வங்கிகள் வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்து, அவை அதைத் தனிநபருக்கு 20 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் மறுபடி கடனாகக் கொடுத்தால், குறிப்பிட்ட உச்சவரம்புக்குள் அது வங்கியின் முன்னுரிமைத் துறைக் கடனாகவே எண்ணப்படுகிறது. 2020 நவம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த இணைக்கடன் முறையில், வங்கி 80 விழுக்காடு வரையிலும் நிதி நிறுவனம் குறைந்தது 20 விழுக்காடும் போட்டுச் சேர்ந்தே கடன் தரலாம் என்றாயிற்று. ஆக, இட்லிக்கடையின் வருமானத்தைக் காண மறுத்த அதே பொதுத்துறை வங்கியின் பணம், ஒரு நிதி நிறுவனத்தின் கைவழியாகச் சுற்றி, அதே இட்லிக்கடைக்கு 14 விழுக்காட்டில் வந்து சேரக்கூடும். அப்போது அந்தப் பெண்ணின் வருமானம் நம்பத்தக்கதாகிவிடுகிறது. நடுவில் ஏறிய வட்டி ஒரு தரகின் கூலி.

1969 ஜூலையில் 14 வங்கிகளும், 1980ல் மேலும் 6 வங்கிகளும் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, கடன் எட்டாதவர்களுக்கு அதை எட்டச்செய்வது வங்கிகளின் நேரடிக் கடமை என்று பேசப்பட்டது. முன்னுரிமைத் துறை என்ற ஏற்பாடு அதிலிருந்து வளர்ந்தது. அந்தக் கடமையை இடைத்தரகரிடம் குத்தகைக்கு விட்டபின்னும் வங்கியின் ஏட்டில் கடமை நிறைவேறியதாகவே பதிவாகிறது.

வீட்டின் விலையும் விதியின் வரம்பும்

வருமானத்துக்கு அடுத்தபடியாக வீட்டின் மதிப்பு. இதில் ரிசர்வ் வங்கி உச்சவரம்பு விதித்திருக்கிறது. 30 லட்சம் வரையிலான கடனில் வீட்டு மதிப்பில் 90 விழுக்காடு வரையிலும், 30 முதல் 75 லட்சம் வரை 80 விழுக்காடும், அதற்கு மேற்பட்ட கடனில் 75 விழுக்காடும் தரலாம். பலர் இதைத் தமக்குரிய உரிமையாக எண்ணிவிடுகிறார்கள். இது மேல்வரம்பு மட்டுமே. அதற்குக் கீழே எவ்வளவு குறைப்பது என்பது கடன் தருபவரின் விருப்பம்.

குறைப்பதற்கு அவருக்கு ஒரு காரணமும் இருக்கிறது. ஒவ்வொரு கடனுக்கும் எதிராக வங்கி தன் சொந்த மூலதனத்தில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். 30 லட்சத்துக்கு உட்பட்ட கடன் வீட்டு மதிப்பில் 80 விழுக்காட்டுக்குள் நின்றால் அதன் அபாய எடை 35, அதைத் தாண்டினால் 50. வங்கிகளுக்கான 9 விழுக்காட்டு மூலதன விதியின்படி, முன்னதில் நூறு ரூபாய்க் கடனுக்கு 3 ரூபாய் 15 காசும், பின்னதில் 4 ரூபாய் 50 காசும் ஒதுக்க நேர்கிறது. வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு மூலதன விதி 15 விழுக்காடு. மூலதனம் நெருக்கடியில் உள்ள வங்கி 80 விழுக்காட்டோடு நின்றுகொள்ளும். தாராளமாக உள்ள வங்கி 90 வரை போகும். விண்ணப்பிப்பவரின் நாணயத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

மதிப்பு என்பதும் ஒன்றாக இருப்பதில்லை. விற்பவர் கேட்பது ஒரு விலை, பத்திரத்தில் எழுதுவது ஒரு விலை, வங்கியின் மதிப்பீட்டாளர் போடுவது ஒரு விலை. பத்திரத்தில் குறைத்து எழுதி மீதியைக் கையில் கொடுங்கள் என்று கட்டுநர்கள் கேட்கும் வழக்கம் நாடறிந்தது. கறுப்பில் கொடுக்கும் பணத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது. முத்திரைத்தாள் செலவும் பதிவுக் கட்டணமும், மிகச் சிறிய வீடுகளைத் தவிர, வீட்டு மதிப்பில் சேராது. கையில் சேமிப்பு குறைவாக உள்ளவரையே இவை அனைத்தும் முதலில் தாக்குகின்றன.

ஒரே வரியில் மறுத்த கடிதம்

இரண்டாவது கடிதம் என்னை நெடுநேரம் யோசிக்கவைத்தது. காரணம் ஏதும் அதில் இல்லை. தோழரின் சிபில் மதிப்பெண் நன்றாகவே இருந்தது. அவர் வாங்க நினைக்கும் வீட்டின் பத்திரத்திலும் வில்லங்கம் இல்லை. பிறகு என்ன காரணம்?

உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் குடியிருக்கும் பகுதியைப் பார்த்துக் கடன் மறுக்கும் வழக்கம் இந்நாட்டில் உண்டு என்பது ஆவணத்தில் ஏறிய செய்தி. 2006 நவம்பரில் அளிக்கப்பட்ட சச்சார் குழுவின் அறிக்கை, முஸ்லிம் மக்களுக்குக் கடன் கிடைப்பதை ஆராய்ந்தபோது, சில வங்கிகள் சில பகுதிகளை 'எதிர்மறைப் பகுதிகள்' என்று குறித்துவைத்து அங்கே கடனையும் பிற வசதிகளையும் எளிதில் தருவதில்லை என்ற புகாரைப் பதிவுசெய்தது. இந்தியாவில் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதைச் சாதியும் மதமும் பெரிதும் முடிவுசெய்கின்றன. ஆகவே பகுதியைப் பார்த்து மறுப்பது, சாதியையும் மதத்தையும் கேட்காமலே அவற்றைப் பார்த்து மறுப்பதாகிவிடுகிறது. அந்தக் கணக்கை இன்று கணினி நிரல் போடுகிறது. காரணத்தைக் கேட்டால் கிளை மேலாளரே கையை விரிக்கிறார்.

கூடுதல் கடன் கருணை ஆகாது

இதுவரை சொன்னதைக் கொண்டு, எல்லோருக்கும் கேட்ட தொகையைக் கொடுக்கவேண்டும் என்பதே நம் கோரிக்கை என்று எவரும் முடிவுகட்ட வேண்டாம். வங்கியிலிருப்பது உழைக்கும் மக்களின் சேமிப்பு. அதைக் கவனமாகக் கையாள வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. அமெரிக்காவில் 2008க்கு முந்தைய ஆண்டுகளில் வருமானத்தைச் சரிபாராமலே வீட்டுக்கடன் வாரி வழங்கப்பட்டது. கடனைக் கொடுத்தவர் அதைப் பத்திரமாக்கி மற்றவர் தலையில் கட்டிவிட்டதால், கடன் திரும்பி வருமா என்ற கவலை அவருக்கு இல்லை. தவணை கட்ட முடியாமல் இலட்சக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. வங்கிகளை அரசு காப்பாற்றியது.

நம் நாட்டிலும் படிப்பினை உண்டு. வீட்டுக்கடனைத் தொழிலாகக் கொண்ட டிஎச்எஃப்எல் நிறுவனம் சரிந்தபோது, 2019 நவம்பரில் ரிசர்வ் வங்கி அதைத் திவால் நடவடிக்கைக்கு அனுப்பியது. நிதிச் சேவை நிறுவனம் ஒன்று திவால் சட்டத்தின்கீழ் அவ்வாறு அனுப்பப்பட்டது அதுவே முதல் முறை. அதில் வைப்பு வைத்திருந்த சாதாரண மக்கள் தம் பணத்தில் பெரும்பகுதியை இழந்தார்கள்.

அதிகம் கொடுப்பவர் துணிந்து கொடுப்பதற்கு இன்னொரு காரணம் 2002ல் பா.ஜ.க. தலைமையிலான ஆட்சியில் வந்த சர்ஃபேசி சட்டம். தவணை 90 நாள் நின்றால் கடன் வாராக்கடனாகிறது. பிறகு 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, நீதிமன்றத்தின் முன் வழக்குத் தொடுக்காமலே வீட்டைக் கைப்பற்றி ஏலம்விடும் நடவடிக்கையில் இறங்கலாம். பாதிக்கப்பட்டவர்தான் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தைத் தேடிப் போகவேண்டும். இருபது லட்சம் மதிப்புள்ள வீட்டின்மீது 15 லட்சம் கொடுத்தவருக்கு, கடன் வாங்கியவர் நொடித்தாலும் பணம் வந்துவிடும். ஓட்டுநர் தோழருக்கு வேலை போனால், அல்லது மெட்ரோ நிலைய வாசலிலிருந்து கடையை மாநகராட்சி அப்புறப்படுத்தினால், ஐந்து மாதத்தில் வீடு ஆட்டங்காணும். பதினைந்து லட்சம் என்ற தொகையில் அந்த நிறுவனம் காட்டியிருப்பது வீட்டை மீட்டெடுக்கும் தன் வல்லமையில் உள்ள நம்பிக்கை. குடும்பத்தின்மேல் உள்ள நம்பிக்கை அதில் சிறு பங்குதான்.

1872-73ல் எங்கெல்ஸ் வீட்டுப் பிரச்சினை குறித்து எழுதிய கட்டுரைகளில், தொழிலாளியைச் சிறு வீட்டுச் சொந்தக்காரராக்குவதே தீர்வு என்ற புரூதோன்வாதிகளின் கருத்தை மறுத்தார். கடனில் வாங்கிய வீடு தொழிலாளியை ஓரிடத்தில் கட்டிப்போட்டு, முதலாளியோடு பேரம்பேசும் வலிமையைக் குறைத்துவிடும் என்று அவர் எச்சரித்தார். இருபது ஆண்டுத் தவணையைத் தலையில் சுமப்பவர் வேலைநிறுத்த நாளில் எத்தனை முறை யோசிப்பார் என்பது நம் தொழிற்சங்கத் தோழர்களுக்குத் தெரியாததன்று.

அரசு ஒப்படைத்த பொறுப்பு

பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்காக அமிதாப் குண்டு தலைமையிலான தொழில்நுட்பக் குழு, 2012ல் நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1.878 கோடி என்று மதிப்பிட்டது. அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கும் குறைந்த வருமானப் பிரிவினருக்கும் உரியது. அதே வேளையில், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரங்களில் பூட்டிக்கிடந்த வீடுகள் ஏறத்தாழ 1.1 கோடி. வீடு இருக்கிறது, வீடற்றவரும் இருக்கிறார். இடையே நிற்பது விலை.

இந்த இடைவெளியை அரசு தானே வீடு கட்டி நிரப்பும் பொறுப்பிலிருந்து 1990களின் கொள்கைகள் வழியாக மெல்ல விலகியது. 2015 ஜூனில் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவில், கடனுடன் இணைந்த வட்டி மானியம் ஒரு முக்கியக் கூறு. நலிந்த பிரிவினருக்கு 6 லட்சம் வரையிலான கடனுக்கு 6.5 விழுக்காடு வட்டி மானியம், அதிகபட்சம் 2.67 லட்சம் என்று அறிவித்தார்கள். 2024ல் வந்த இரண்டாம் பதிப்பிலும் வட்டி மானியம் தொடர்கிறது, உச்சவரம்பு 1.80 லட்சம். மானியம் வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. ஆனால் அதைப் பெற முதலில் ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ விண்ணப்பித்தவரைக் கடனுக்குத் தகுதியானவர் என்று ஏற்கவேண்டும். யாருக்கு வீடு என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை அரசு கடன் தருபவரிடம் ஒப்படைத்துவிட்டது. அவர்கள் ஒதுக்கியவரை அரசின் மானியமும் ஒதுக்குகிறது.

தகுதி என்ற சொல்லைக் கடந்த ஆண்டு டில்லித் தமிழர்கள் இன்னொரு விதத்திலும் கேட்டார்கள். ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டித் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த மதராசி கேம்ப், 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. ஆவணங்களைச் சரிபார்த்து ஒரு பகுதியினரைத் தகுதியுள்ளோர் என்று நகரின் வட எல்லையிலுள்ள நரேலாவுக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் தகுதியற்றோர் ஆனார்கள். வங்கியில் சம்பளச் சீட்டு, அங்கே வசிப்பிடச் சான்று. இரண்டு இடத்திலும் உழைப்பவரின் வாழ்நாளைக் காட்டிலும் தாள் கனமாக இருந்தது.

வேறு வழி உண்டா என்றால் உண்டு. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய லைஃப் திட்டத்தில், வீடற்ற குடும்பத்துக்கு வீடுகட்ட 4 லட்சம் ரூபாய் உதவியாகவே தரப்பட்டது. இன்றைய கட்டுமானச் செலவில் அது போதாது என்ற விமர்சனம் நியாயமானது. எனினும் அங்கே தகுதியைத் தீர்மானித்தது உள்ளாட்சி அமைப்பும் கிராமசபையும் கூடிப் பரிசீலித்த பட்டியல். திருப்பிக் கட்டும் திறனை அளக்கும் நிறுவனத்துக்கு அதில் இடமில்லை.

நாம் கேட்கவேண்டியவை

முதலாவதாக, பொதுத்துறை வங்கிகள் அமைப்புசாராத் தொழிலாளரின் வருமானத்தைத் தாமே மதிப்பிடவேண்டும். நிதி நிறுவனத்தின் ஆள் இரண்டு நாள் நின்று எண்ணக்கூடியதை வங்கி ஊழியரால் எண்ண முடியாதா? வேண்டிய ஊழியரை நியமித்தால் முடியும். 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்கீழ் தரப்படும் விற்பனைச் சான்றிதழ், 2020ல் தொடங்கிய ஸ்வநிதி கடனைத் திருப்பிக் கட்டிய பதிவு, தொழிலாளர் நல வாரியப் பதிவு ஆகியவற்றை வருமானச் சான்றாக ஏற்கவேண்டும்.

இரண்டாவதாக, 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ வட்டி போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டன. வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு அந்த விதி இல்லை. அவை தம் அடிப்படை வட்டியைத் தாமே வகுக்கின்றன. அதே 2019ல் அவற்றின் ஒழுங்குமுறை அதிகாரம் ரிசர்வ் வங்கிக்கு மாறியது. ஆகவே விதியை நீட்டிப்பதற்குத் தடையில்லை. வங்கிப் பணத்தை வாங்கி மறுபடி கடன் தரும் நிறுவனம் அதன்மேல் ஏற்றும் வட்டிக்கும் உச்சவரம்பு வேண்டும்.

மூன்றாவதாக, எந்தப் பகுதியில் எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை மறுக்கப்பட்டன என்பதை ஒவ்வொரு நிறுவனமும் வெளியிடவேண்டும்.

நான்காவதும் முதன்மையானதுமாக, கடனுக்கு வெளியே வாடகைக்கான பொதுக் குடியிருப்பை அரசு கட்டவேண்டும். மாதம் பத்தாயிரம் சம்பாதிக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கு எந்த வட்டியிலும் வீட்டுக்கடன் தீர்வாகாது.

இவை நடக்கும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. இருக்கும் விதிகளையே நம்மில் பலர் அறியாதிருக்கிறோம். கடனை மறுத்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவேண்டும் என்பது வங்கிகளுக்கான ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதி. கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்தாலோ வேறு வங்கிக்கு மாற்றினாலோ அபராதம் கேட்கக்கூடாது. 2024 அக்டோபர் முதல், கடன் தரும் முன் வட்டி, கட்டணங்கள், மொத்தச் செலவு அனைத்தையும் அடக்கிய முக்கிய விவர அறிக்கையைத் தந்தாகவேண்டும். அது கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும், விளக்கியும் சொல்லவேண்டும் என்று விதி தெளிவாகவே கூறுகிறது. முப்பது ஆண்டு மொழிபெயர்ப்பில் கழித்தவன் என்ற முறையில் இந்த விதியை நான் மிக மதிக்கிறேன். தொழிற்சங்கக் கிளைகள் மாதம் ஒருநாள் உறுப்பினர்களின் கடன் தாள்களைச் சேர்ந்து படிக்க ஏற்பாடு செய்தால், இதற்கு உயிர் வரும்.

தோழரும் அவர் துணைவியாரும் அன்று என் மேசையில் அமர்ந்தே மூன்று கடிதங்கள் எழுதினார்கள். பொதுத்துறை வங்கிக்கு, கடையின் விற்பனைச் சான்றிதழையும் ஸ்வநிதி கடன் அடைத்த பதிவையும் இணைத்து மறுபரிசீலனை கோரினார்கள். தனியார் வங்கியிடம் மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேட்டார்கள். நிதி நிறுவனத்திடம் விவர அறிக்கையைத் தமிழில் கேட்டார்கள். கையெழுத்திடும்போது அந்த அம்மா, "என் வருமானத்தையும் எழுதிவிட்டீர்கள் அல்லவா?" என்று ஒருமுறைக்கு இருமுறை உறுதிசெய்துகொண்டார். மூன்று இடத்திலிருந்தும் பதில் இன்னும் வரவில்லை.